உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

எனக்குச் சொந்த ஊர் சிவகாசிக்குப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரனுக்கு வெடிச்சத்தம் பழகிப்போயிருக்கும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். நேர்மாறு. வெடி செய்கிற ஊரில்தான் வெடிமேல் பயம் அதிகம். தீபாவளிக்கு எங்கள் தெருவில் அணுகுண்டு வைக்கிற பையன், திரியில் ஊதுவத்தி பட்ட அடுத்த நொடி திரும்பி ஓடுவான். ஓடும்போதே இரண்டு கையும் காதுக்குப் போய்விடும். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "காதப் பொத்துங்கடா, காதப் பொத்துங்கடா" என்று கத்திக்கொண்டே இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்குக் காதைப் பொத்தத் தெரியும்.

அதை 43 வயதில் மறந்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை காலையில், பிளைவுட் பலகையால் அடித்த ஒரு பெட்டிப் பரணுக்குள் உட்கார்ந்து, கன்னத்தோடு ஒட்டிவைத்த ரைஃபிளை வெறுங்காதோடு சுட்டேன். ஒரே ஒரு குண்டு. என் இடது காதில் அன்று ஆரம்பித்த சத்தம், இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீ எப்படிடா வேட்டைக்குப் போனாய் என்று ஊரிலிருந்து கேட்பார்கள் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் குற்றம். அங்கே அது சரி. இங்கே வெள்ளைவால் மான் சோளக்கொல்லையைத் தின்னும், காரில் வந்து மோதும். மாநில அரசே உரிமம் விற்று, இத்தனை சுடலாம் என்று கணக்கு வைத்து நடத்துகிறது. துப்பாக்கிச் சீசன் ஒன்பது நாள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த வாரம் சில அலுவலகங்களில் பாதி நாற்காலி காலி. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பல வருஷமாக மான்கறி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மிளகு தூக்கலாகப் போட்டு என் மனைவி வறுத்துக் கொடுத்ததை அவர் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷம் நீயும் வா" என்றார்கள். போனேன். அவ்வளவுதான் கதை.

போவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவன் இந்த மாநிலத்தில் அந்த வகுப்பில் தேறாமல் தனியாக வேட்டையாட உரிமம் வாங்க முடியாது. துப்பாக்கி வாயை எந்தப் பக்கம் பிடிப்பது, மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, வேலியைத் தாண்டும்போது குண்டை எடுப்பது, ஆரஞ்சுச் சட்டை போடுவது (2016-லிருந்து பளீர் ரோஸ் நிறமும் செல்லும், என் மகளுக்கு அதில் ஏக சந்தோஷம்) என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். காதைப் பற்றியும் சொன்னார்கள். ஆனால் மழை வந்தால் குடை எடுத்துக்கொள் என்று சொல்கிற தோரணையில்.

துப்பாக்கி பழகும் மைதானத்தில் இது வேறு மாதிரி. அங்கே மேற்பார்வையாளர் "கண், காது!" என்று குரல் கொடுப்பார். கண்ணாடியும் காதுக் கவசமும் மாட்டாத ஆள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரவே முடியாது. நானும் பயந்த சுபாவம். அடியில் பஞ்சு அடைப்பான், அதற்கு மேல் கவசம் என்று இரட்டையாகப் போட்டுக்கொண்டுதான் சுட்டேன். அதே மைதானத்தில் அதே ஒழுங்கோடு சுட்ட அத்தனை பேரும், சீசன் தொடங்கும் நாள் காலையில், காதில் ஒன்றும் இல்லாமல் காட்டுக்குள் நடந்தார்கள். நானும்தான். கவசம் என் பையில் இருந்தது. ஜிப்பைக் கூடத் திறக்கவில்லை.

ஏன் என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேட்டை என்று சொன்னாலும் முக்கால்வாசி நேரம் நாம் செய்வது கேட்பதுதான். விடிவதற்கு அரை மணி நேரம் முன்னால் பரணில் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சருகு மட்டும்தான் பேசும். ஓக் மரத்து இலை காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மான் நடந்தால் இரண்டு அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம். அணில் என்றால் விடாமல் கரகர. புதிதாக வந்தவனுக்கு அணில் எல்லாமே மானாகத்தான் கேட்கும். என் முதல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை துப்பாக்கியைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். இப்படிக் காதையே கண்ணாக வைத்திருக்கும் நேரத்தில் எவன் காதை அடைப்பான்?

இன்னொன்று, கணக்கு. மைதானத்தில் ஐம்பது குண்டு, காட்டில் ஒன்று. சில வருஷம் அதுவும் இல்லை. ஒன்றில் என்ன ஆகிவிடும்?

நான் உட்கார்ந்த பரண் நண்பருடைய அப்பாவின் பண்ணையில் இருந்தது. பெரியவருக்கு 76 வயது. ஆயுசு முழுக்கப் பால்பண்ணை. துப்பாக்கியும் அவருடையதுதான், பழைய தேர்ட்டி-ஆட்-சிக்ஸ். குண்டின் விட்டம் 0.30 அங்குலம், அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்ட வருஷம் 1906. பெயர் அப்படி வந்தது. ஏழே கால் மணி இருக்கும். வலது பக்கம் ஒரு பெண்மான் தலையைக் குனிந்தபடி வந்தது. எனக்கு நெஞ்சு அடித்ததில் பலகையே அதிர்வதுபோல் இருந்தது. சுட்டேன்.

நம்ப மாட்டீர்கள், அந்தச் சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்கவில்லை. தோளில் ஒரு இடி, தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் ஒரு 'டொப்'. எல்லா வேட்டைக்காரரும் இதைத்தான் சொல்வார்கள்: "மானைச் சுடும்போது சத்தமே தெரியாது." தெரியாதுதான். உடம்பு மானைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. ஆனால் அணைப்பது மூளை. காதுக்குள் போகிற காற்றழுத்தத்தை மூளையால் ஒன்றும் செய்ய முடியாது. நடுக்காதில் ஒரு குட்டித் தசை உண்டு, பெருஞ்சத்தம் வந்தால் எலும்பை இழுத்துப் பிடித்துக் காப்பாற்றுவதற்காக. அது விழித்துக்கொள்ளவே சில பத்து மில்லி நொடியாவது ஆகும். துப்பாக்கி வெடி அதற்குள் வந்து, வேலையை முடித்து, போய்விட்டிருக்கும்.

'டொப்'புக்குப் பிறகு உலகம் பஞ்சுமூட்டைக்குள் போனது. அதற்குள்ளிருந்து ஒரு கம்பி இழுத்த மாதிரி 'ஙீ....' என்று ஒரு சத்தம். மான் விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை.

பெரியவர் வந்து தோளில் தட்டி வாழ்த்தினார். காதைக் காட்டி, இரைகிறது என்றேன். சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை போய்விடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பஞ்சுமூட்டை போனது. கம்பி போகவில்லை.

கறி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தலையை மட்டும் நோய்ச் சோதனைக்குக் கொடுத்தோம். மான்களுக்கு மூளை கரையும் ஒரு வியாதி இந்த மாநிலத்தில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் டேன் கவுண்டியில்தான். முடிவு சுத்தம் என்று வந்த பிறகே அடுப்பேற்றினோம். மானின் மூளைக்கு இத்தனை சோதனை செய்தவன் என் காதுக்குச் செய்யவில்லை. இது நடந்தது நவம்பரில். நான் காது டாக்டரிடம் போனது பிப்ரவரியில். அதுவும் மனைவி தள்ளிக்கொண்டு போனதால்.

அவள் சமையலறையிலிருந்து "என்னங்க, தட்டு எடுத்துட்டு வாங்க" என்பாள். நான் "எந்தக் கட்டு?" என்பேன். அம்மா போனில் "பல்லு வலிக்குதுப்பா" என்றால் "எந்தக் கல்லு?" என்பேன். "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்று கேட்டால் அம்மா கத்தும். கத்தினாலும் கல்லு கல்லாகவே இருந்தது. சத்தம் போதாமல் இல்லை. சத்தம் வருகிறது, சொல்தான் வரவில்லை.

கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மையார் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கீச்சு கீச்சென்று ஒவ்வொரு சத்தமாக அனுப்பி, கடைசியில் ஒரு தாளைக் காட்டினார். வலது காதின் கோடு ஓரளவு சமமாகப் போனது. இடது காதின் கோடு சமமாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கிட்டே கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கி, 8000-த்தில் மறுபடி ஏறியது. "நீங்கள் சுடுவது வலது தோளில்தானே?" என்றார். நான் வேட்டை என்ற வார்த்தையையே அதுவரை எடுக்கவில்லை.

வலது தோளில் துப்பாக்கியை வைத்துத் தலையைச் சாய்த்தால், வலது காது தோளுக்கும் தலைக்கும் நடுவில் ஒளிந்துகொள்கிறது. இடது காது துப்பாக்கியின் வாயைப் பார்த்தபடி நிற்கிறது. இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. லண்டனில் ஜோசப் டாய்ன்பீ என்ற காது மருத்துவர் 1860-லேயே, வலது தோளில் சுடும் வேட்டைக்காரர்களுக்கு இடது காது மந்தமாவதை எழுதிவைத்திருக்கிறார். 160 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

4000 ஹெர்ட்ஸ் என்றால் பேச்சில் எது என்று அந்த அம்மையார் விளக்க, எனக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ் ஞாபகம் வந்தது. ஆ, ஓ, ஊ என்ற உயிரெழுத்துகளின் பலமெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. மெய்யிலும் ங, ஞ, ந, ம என்ற மெல்லினமும், ய, ர, ல, வ என்ற இடையினமும் தொண்டைக் குரலோடு சேர்ந்து வருவதால் தப்பித்துக்கொள்கின்றன. சொல்லின் முதலில் நிற்கும் க, ச, த, ப இருக்கிறதே, அவை குரல் கலக்காமல் வெறும் காற்றாக வெடித்து ஓய்கிறவை. உயர்ந்த அதிர்வெண்ணில், மெலிதாக. பெயர் வல்லினம். காது கெடும்போது முதலில் நழுவுவது அதுதான். அம்மா சொல்கிற 'பல்லு' என் இடது காதுக்குள் வரும்போது 'அல்லு'வாக வருகிறது. முன்னால் எந்த எழுத்து இருந்திருக்கும் என்று மூளை ஊகித்து ஒட்டிக்கொள்கிறது. உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. அந்த அம்மையாரிடம் இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் ஏறியது.

உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும் செல்கள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. கண்ணில் ஒளியை வாங்கும் செல்கள் கோடிக்கணக்கில். காதுக்குக் கொடுத்தது இவ்வளவுதான். போனால் போனதுதான். கோழிக்கு இந்தச் செல் திரும்ப முளைக்கும் என்று 1980-களில் கண்டுபிடித்தார்கள். நமக்கு முளைக்காது. பிராய்லர் கோழிக்குக் கிடைத்த வரம் நமக்கு இல்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

எவ்வளவு சத்தம் என்பதை ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். 1999-இல் வந்த விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டுகிற பட்டாசை இந்தியாவில் செய்யவே கூடாது. சிவகாசியில் இந்த எண் தெரியாத ஆள் குறைவு. மான் வேட்டை ரைஃபிள், சுடுகிறவன் காதருகில் 160-ஐ ஒட்டி வெடிக்கிறது. திடீர் வெடிச்சத்தத்துக்கு இங்கே தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் எல்லை 140. 140-க்கும் 160-க்கும் நடுவில் இருபதுதானே என்று நினைக்கக்கூடாது. டெசிபலில் இருபது என்றால் அழுத்தம் பத்து மடங்கு, ஆற்றல் நூறு மடங்கு. இதில் நான் உட்கார்ந்திருந்தது பலகைப் பெட்டி. வெளியே போகவேண்டிய சத்தத்தில் ஒரு பங்கு சுவரில் பட்டு எனக்கே திரும்பியது. துப்பாக்கியின் உதைப்பைக் குறைக்க வாயில் மாட்டும் மசில் பிரேக் என்ற ஓட்டை போட்ட குழாய் இருந்திருந்தால் இன்னும் மோசம். அது வெடிக்காற்றைப் பின்பக்கம், நம்மை நோக்கியே திருப்பிவிடும். தோளைக் காப்பாற்றிக் காதைக் கொடுக்கிற வியாபாரம்.

எங்கள் ஊர் மாடிசனிலிருந்து வடகிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் பீவர் டாம் என்று ஒரு சிறு நகரம். அங்கே 48-லிருந்து 92 வயது வரையுள்ள 3,753 பேரின் காதைச் சோதித்து, அவர்களுடைய துப்பாக்கிப் பழக்கத்தையும் கேட்டு 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆண்களில், வேட்டையாடிய ஒவ்வொரு ஐந்து வருஷத்துக்கும் உயர் அதிர்வெண்ணில் கேட்கும் திறன் கெடும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. எனக்கு அதைவிடச் சுட்டது இன்னொரு எண். முந்தைய ஒரு வருஷத்தில் குறி பார்த்துச் சுடப் பழகியவர்களில் ஒருமுறைகூடக் காதுக் கவசம் போடாதவர்கள் 38 சதவீதம். வேட்டைக்குப் போனவர்களில்? 95. ஒரே ஊர், அதே மாதிரித் துப்பாக்கிகள். மைதானத்திலிருந்து காட்டுக்குப் போகிற வழியில் எங்கோ காது நம் உடம்பிலிருந்து கழன்றுவிடுகிறது.

பெரியவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் முறை போனபோது புரியவில்லை. அவருக்கு இடது பக்க நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். பேத்திகள்கூட ஓடிவந்து வலது பக்கத்துக்குத்தான் சண்டை போடுவார்கள். இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. இடது காது மெஷின் பேருக்கு. டிராக்டரும் பால் கறக்கும் இயந்திரத்தின் பம்பும் ஒரு பங்கு தின்றிருக்கும். ஆனால் அவை இரண்டு காதையும் ஒரே மாதிரி தின்றிருக்க வேண்டும். இடது காதை மட்டும் கூடுதலாகத் தின்றது எது என்று அந்தத் தாளைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது. காலியான அந்த நாற்காலியை இப்போதெல்லாம் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சரி, அடுத்த வருஷம் என்ன செய்தேன்? முதலில் பஞ்சு அடைப்பானைப் போட்டுக்கொண்டு பரணில் உட்கார்ந்து பார்த்தேன். மலிவு, நன்றாகவும் காக்கும், சரியாகப் போட்டால். விரலில் மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, உப்பும்வரை பிடித்திருக்க வேண்டும். பலர் மூக்குத்தி மாதிரி வாசலில் ஒட்டிவைத்துக்கொண்டு போட்டாயிற்று என்கிறார்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் குறைப்பு எண்ணில் பாதியாவது கிடைத்தால் பெரிது. காட்டில் அதன் பிரச்சினை நான் முன்னால் சொன்னதுதான்: சருகு செத்துவிடுகிறது. என் எச்சில் முழுங்குகிற சத்தம் மட்டும் கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்டது. ஒரு மணி நேரத்தில் பிடுங்கிவிட்டேன்.

பிறகு மின்னணுக் கவசம் வாங்கினேன். இதை முந்தின வருஷமே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வெளியே மைக், உள்ளே குட்டி ஸ்பீக்கர். மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். சத்தம் 80 டெசிபல் சொச்சத்தைத் தாண்டினால் பெருக்குவதை நிறுத்திக்கொண்டு சாதாரண மூடி மாதிரி காதை அடைத்து நிற்கும். கேட்க வேண்டும், அதனால் அடைக்க முடியாது என்ற வேட்டைக்காரர்களின் பழைய சாக்கு இதோடு ஒழிந்தது. குறை இல்லாமல் இல்லை. காற்று அடித்தால் மைக்கில் புயல். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கொஞ்சம் குழம்பும். கம்பளித் தொப்பிக்கு மேலே மாட்டினால் இடுக்கு வழியாகச் சத்தம் கசியும், மாட்டிவிட்டுத்தான் தொப்பி. கண்ணாடிக்காரனுக்கு அதன் கால் வேறு இடிக்கும். பெரிய கிண்ணமாக இருந்தால் துப்பாக்கிக் கட்டை இடித்து, சுடுகிற நேரம் பார்த்துக் கவசத்தைத் தூக்கிவிடும். மெல்லிய கிண்ணமாகப் பார்த்து வாங்க இரண்டு தடவை மாற்றினேன். அணில்தான் பெரிய தொல்லை. வெறுங்காதுக்கு மானாகக் கேட்ட அணில், இதில் யானையாகக் கேட்கிறது.

சைலன்சர் மாட்டிக்கொள்ளலாமே என்று நண்பர் சொன்னார். சினிமாவில் 'புஸ்' என்று வருமே, அப்படி இல்லை. 20-லிருந்து 35 டெசிபல்வரை இறங்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் காற்றில் கிழிக்கிற சத்தம் அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் அது பெரிய உதவிதான். 1909-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் பெர்சி மேக்சிம். மெஷின் கன் கண்டுபிடித்த ஹைரம் மேக்சிமின் பிள்ளை. அப்பாவுக்கு வெடிச்சத்தத்திலேயே காது போனது. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்காரன் சைலன்சர் மாட்டுவது சகஜம். அமெரிக்காவில் 1934-இல் கொள்ளைக்காரர்களை நினைத்துப் போட்ட சட்டம், அதற்கு 200 டாலர் வரி. அந்த வரி 2026 ஜனவரியில்தான் பூஜ்யமானது. பதிவும் காகிதமும் இன்னும் உண்டு. எனக்குக் காகிதம் என்றாலே விசா ஞாபகம் வரும். கவசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கவசம் வாங்கிய அந்த வருஷம், சீசனின் மூன்றாவது நாள், பெரியவர் என்னோடு பரணில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் வலி, தனியாக ஏற முடியவில்லை. சுடுவது நான்தான், அவர் சும்மா பார்க்க வந்தார். என் தலையில் இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை நீட்டினார். காது மெஷின்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாட்டினார். சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்தேன். ஐந்து நிமிஷம் அசையவில்லை. அப்புறம் கழற்றி என் மடியில் வைத்து, "இந்தக் காட்டில் இத்தனை அணிலா? வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்றார்.

ஒன்பது மணி வாக்கில் வேலியோரம் ஒரு மான் வந்தது. துப்பாக்கியை மெல்லத் தூக்கினேன். பெரியவருக்கு ஒரு ஜோடி அடைப்பான் முன்பே கொடுத்திருந்தேன். அது எங்கே போனதோ. ஓரக்கண்ணால் பார்த்தால், இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மான் ஓக் மரத்துக்குப் பின்னால் போய், பிறகு திரும்ப வரவேயில்லை. துப்பாக்கியை இறக்கிப் பூட்டைப் போட்டேன். அவர் அப்படியே இருந்தார். நான் அவர் முழங்கையைத் தொடும்வரை கையை எடுக்கவில்லை.